சைடு பை சைடு ஃபிரிட்ஜ்: வாங்கும் முன் கதவை அளங்கள், குளிர்ச்சி குறைந்தால் காற்றைப் பாருங்கள்

எங்கள் வீட்டுக்கு சைடு பை சைடு ஃபிரிட்ஜ் (ஒரு பக்கம் ஃப்ரீசர், ஒரு பக்கம் ஃபிரிட்ஜ் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதவு உள்ள வகை) வந்த அன்று அது ராத்திரி முழுக்க ஹாலில்தான் நின்றது. வைக்கப்போகும் மூலையை டேப் வைத்து நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்திருந்தோம், சமையலறைக் கதவை அளக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நிலை இரண்டரை அடி, ஆனால் மரம் போக நடுவில் கிடைப்பது 27 அங்குலம்தான். ஃபிரிட்ஜ் 36 அங்குல அகலம். சரி, பக்கவாட்டில் திருப்பி நுழைக்கலாம் என்றால் கைப்பிடியோடு சேர்த்து ஆழம் 29. கொண்டுவந்தவர்கள் கதவைக் கழற்றுவது தங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் இன்ஸ்டலேஷன் ஆள் வந்து இரண்டு கதவையும் கழற்றி, உடம்பை மட்டும் உள்ளே தள்ளி, மறுபடி மாட்டிக் கொடுத்தார்.

அதனால் வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஃபிரிட்ஜ் நிற்கும் இடத்தை அளப்பதற்கு முன்னால் அது வரும் வழியை அளங்கள். லிஃப்ட் கதவு, படிக்கட்டு திரும்பும் இடம், வாசல், நடை, சமையலறை நிலை, எல்லாவற்றிலும் மரச்சட்டம் போக எவ்வளவு இடைவெளி என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகை பெரும்பாலும் 90 செ.மீ.யை ஒட்டிய அகலம், 178 செ.மீ.யை ஒட்டிய உயரம், எடை நூறு கிலோ அளவில் இருக்கும், லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி என்றால் நான்கு பேராவது வேண்டும். கதவைக் கழற்றினால் ஆழம் எவ்வளவு குறையும் என்று மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். கதவுக்குள் ஒயர் போகும், தண்ணீர் வரும் மாடலில் குழாயும் போகும், எனவே நீங்களாகக் கழற்ற வேண்டாம். கதவு கழற்றி மாட்டிக் கொடுப்பார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிவிடுங்கள்.

நிற்கும் இடத்தில் இன்னொரு விஷயம், கதவு எவ்வளவு திறக்கும் என்பது. வலது பக்கம் சுவர் ஒட்டி இருந்தால் கதவு 90 டிகிரியில் நின்றுவிடும், அப்போது பல மாடல்களில் காய்கறி டிராயரை முழுதாக இழுக்கவே முடியாது. நாலைந்து அங்குலமாவது சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பின்னாலும் மேலேயும் காற்றுக்கு எவ்வளவு இடைவெளி என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் உள்ள அளவை விடாமல் பிடியுங்கள். மேடையின் ஆழம் வழக்கமாக 24 அங்குலம் என்பதால் ஃபிரிட்ஜ் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டுதான் நிற்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் பாத்திரம். கடையில் 600 லிட்டர் என்று பார்த்ததும் கடல் மாதிரி தெரியும். ஆனால் இது நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிரிந்த பெட்டி. இடது பக்கம் ஃப்ரீசர், உள் அகலம் ஒரு அடியை ஒட்டி. வலது பக்கம் ஃபிரிட்ஜ், அது ஒன்றரை அடியை ஒட்டி. நம் வீட்டில் இட்லி மாவுப் பாத்திரம், குழம்பு வைத்த குக்கர், விசேஷத்துக்கு மறுநாள் மிஞ்சும் அண்டா எல்லாம் அகலம் சார்ந்த சாமான்கள். பொங்கி வழியாத அளவுக்கு மாவு ஊற்றும் உங்கள் பெரிய பாத்திரத்தின் விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், தட்டுக்குத் தட்டு வைத்துப் பாருங்கள். அகலப் பாத்திரம்தான் உங்கள் வழக்கம் என்றால் மேலே இரட்டைக் கதவும் கீழே ஃப்ரீசரும் உள்ள ஃபிரெஞ்ச் டோர் வகை உங்களுக்கு இன்னும் பொருந்தும். வாரத்துக்கு ஒரு முறை காசிமேடு போய் மீன் வாங்கி வந்து சுத்தம் செய்து பொட்டலம் போட்டு வைப்பவர்களுக்கும், தேங்காய்த் துருவல், பட்டாணி என்று சேர்த்து வைப்பவர்களுக்கும் இந்த ஃப்ரீசர் வரப்பிரசாதம். ஐஸ்கிரீம் தவிர ஃப்ரீசரில் ஒன்றுமே வைக்காத வீட்டில் மூன்றில் ஒரு பங்கு சும்மா ஓடும்.

உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் க்ளைமேட் க்ளாஸ் என்று ஒன்று இருக்கும், கடைக்காரர் பெரும்பாலும் அதைச் சொல்ல மாட்டார். அதில் ட்ராபிகல் வகையைக் குறிக்கும் எழுத்து இருக்கிறதா பாருங்கள். அறை வெப்பம் 43 டிகிரி வரை போனாலும் வேலை செய்யும்படி வடிவமைத்தது என்று அர்த்தம். சென்னை, வேலூர் மே மாதத்துக்கு அது வேண்டும்.

தண்ணீர் டிஸ்பென்சர் உள்ள மாடலில் இரண்டு விதம். ஒன்று நாமே ஊற்றும் தொட்டி, இன்னொன்று நேராகக் குழாய் இணைப்பு. போர்வெல் தண்ணீரை நேராகக் கொடுத்தால் உப்புப் படிந்து வால்வு அடைத்துவிடும், ஆர்ஓ லைனிலிருந்து கொடுத்தால் சில வீடுகளில் அழுத்தம் போதாமல் ஐஸ் சிறிதாக விழும் அல்லது விழவே விழாது. குழாய் இணைப்பு மாடலின் ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றும் செலவும் உண்டு. என்னைக் கேட்டால் தொட்டி மாடல் போதும், வாரம் ஒருமுறை கழுவ முடியும்.

வந்து இறக்கியதும் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். நிமிர்த்தியே கொண்டுவந்திருந்தால் நாலு மணி நேரம், எங்காவது படுக்க வைத்திருந்தால் ஒரு நாள் முழுக்க நிற்கட்டும், கம்ப்ரசரின் ஆயில் குழாய்களிலிருந்து திரும்பி இறங்க வேண்டும். தெர்மாகோல், டேப் எல்லாம் எடுத்துவிட்டு, முன்பக்கக் கால்கள் இரண்டையும் திருகி மட்டம் பாருங்கள். இரண்டு கதவும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பலர் கதவு கோணல் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தரைதான் காரணம், எந்தக் கதவு தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கக் காலை உயர்த்தினால் சரியாகிவிடும். முன்பக்கம் ஒரு நூல் உயர்ந்திருப்பது நல்லது, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். எர்த் சரியாக உள்ள தனி பிளக் பாயிண்ட் கொடுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. ஸ்டெபிலைசர் தேவையா என்பதற்கு உங்கள் மாடல் எவ்வளவு வோல்டேஜ் வரை தாங்கும் என்று போட்டிருப்பதையும், உங்கள் தெருவில் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் வைத்து முடிவெடுங்கள்.

ஃப்ரீசர் மைனஸ் 18, ஃபிரிட்ஜ் 3 அல்லது 4 டிகிரி என்று வையுங்கள். முழுதாகக் குளிர ஒரு நாள் பிடிக்கும், அதுவரை மாவையும் பாலையும் ஏற்றாதீர்கள். மறுநாளும் விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே காட்டுகிறது, குளிர்ச்சி மட்டும் துளியும் இல்லை என்றால் டெமோ மோடில் இருக்கிறதா பாருங்கள். கடையில் காட்சிக்கு வைக்கும்போது கம்ப்ரசர் ஓடாமல் விளக்கு மட்டும் எரிய வைக்கும் முறை அது. எந்த பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் போகும் என்று மேனுவலில் இருக்கும்.

இனி ரிப்பேர். இதற்கு ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த வகையில் பெரும்பாலான மாடல்களில் குளிர்ச்சி உண்டாவது ஒரே இடத்தில், ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால். அங்கிருந்து ஒரு ஃபேன் குளிர்காற்றைத் தள்ளும், அதில் ஒரு பங்கு நடுச்சுவரில் உள்ள துவாரம் வழியாக வலது பக்கம் போகும். வலது பக்கத்துக்கென்று சொந்தமாகக் குளிர்ச்சி கிடையாது. ஆகவே ஃப்ரீசர் நன்றாக இருக்கிறது, ஃபிரிட்ஜ் பக்கம் பால் திரிகிறது என்றால் நடுவில் எங்கோ காற்று தடைபட்டிருக்கிறது.

முதலில் துவாரத்தைப் பாருங்கள். கொத்தமல்லிக் கட்டோ பெரிய டப்பாவோ அதை அடைத்துக்கொண்டிருக்கும். நகர்த்திவிட்டு ஒரு நாள் பாருங்கள். அடுத்து கதவு ரப்பர்: ஒரு பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துச் சாத்தி இழுங்கள், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பல நேரம் பிடித்துக்கொள்ளும்.

இதற்கும் சரியாகவில்லை, ஃப்ரீசர் பின்பலகையில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது, அல்லது ஃபேன் எதிலோ உரசுவது போல் கடகடவென்று சத்தம் வருகிறது என்றால் உள்ளே ஐஸ் கட்டி இருக்கிறது. சாமான்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள், கீழே பழைய துணி போடுங்கள். திரும்பப் போட்டதும் நன்றாக ஓடி, சில நாளில் மறுபடி அதே கதை என்றால், படியும் பனியைத் தானாக உருக்கும் டிஃப்ராஸ்ட் பகுதியில்தான் கோளாறு: ஹீட்டரோ சென்சாரோ போர்டோ. இதை இப்படியே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கத்தியால் ஐஸைச் சுரண்டாதீர்கள், குழாயில் ஒரு கீறல் விழுந்தால் செலவு பல மடங்கு.

பின்பலகையைத் திறந்துகூடப் பார்க்காமல் "கேஸ் போயிடுச்சு சார்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், இதை நான் அழுத்தியே சொல்கிறேன். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, தானாகத் தீராது, கசிந்தால்தான் குறையும். பலகையைக் கழற்றச் சொல்லி நீங்களும் பாருங்கள்: குளிர்ச்சி தரும் சுருள் குழாய் (காயில்) முழுக்கத் தடித்த ஐஸ் என்றால் டிஃப்ராஸ்ட் கோளாறு, தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் பனி, மீதி எல்லாம் காய்ந்து கிடக்கிறது என்றால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, கேஸ் குழாயில் உள்ள ஃபில்டரை (தண்ணீர் ஃபில்டர் இல்லை) மாற்றி, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து (வேக்குவம் போட்டு), அப்புறம்தான் கேஸ் ஏற்ற வேண்டும். இப்போதைய ஃபிரிட்ஜ்களில் வரும் ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும், பழகிய ஆளே செய்யட்டும்.

ஃப்ரீசர் தரையில் ஐஸ் தகடு, காய்கறி டிராயருக்கு அடியில் தண்ணீர் என்றால் டிஃப்ராஸ்ட் தண்ணீர் போகும் துளை அடைத்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றிச் செலுத்தினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

பக்கச் சுவர் சூடாக இருப்பது கோளாறு இல்லை, வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அங்கேதான் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் அப்படித்தான், துடைத்துவிடுங்கள். பல்லியை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். சூட்டுக்குப் பின்பக்கம் ஒதுங்கி, போர்டில் ஏறி, ஷார்ட் ஆக்கிவிடும். பின்னால் உள்ள மூடி சரியாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று சர்வீஸ் ஆள் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

கரண்ட் போனால் திறக்காமல் வைப்பதுதான் வழி. ஃபிரிட்ஜ் பக்கம் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த பகுதிகளில் இந்தக் கணக்கும் போதவில்லை. வெள்ளத் தண்ணீர் ஃபிரிட்ஜின் அடிப்பகுதி வரை ஏறியிருந்தால், வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பி சுவிட்சைப் போடாதீர்கள். கம்ப்ரசரும் அதன் ஒயர்களும் அங்கேதான் இருக்கின்றன, ஆள் வந்து திறந்து பார்க்கும் வரை பிளக் வெளியிலேயே இருக்கட்டும்.