தீபாவளி ஒரு நாள், பலகாரம் ஆறு வாரம்: பண்டிகைக் கால உணவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் புரட்டாசி முடிகிற வாரத்திலேயே முறுக்கு அச்சுகள் அலமாரியிலிருந்து இறங்கிவிடுகின்றன. ஒரு மாதம் சைவமாக இருந்த வீடுகளுக்கு ஆட்டிறைச்சி திரும்புகிறது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுகிறது. தீபாவளி, திறந்த இல்ல உபசரிப்புகள், கல்யாணங்கள், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று காலம் ஓடி, தைப்பூசத்திற்கு எடுத்து வைத்த உடை இடுப்பில் இறுக்கும்போது, பழி முழுவதும் தீபாவளியன்று சாப்பிட்ட பிரியாணியின் மேல் விழுகிறது. முதல் தவறு இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை பெரியவர்களின் எடையை அளந்து, 2000ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. அதில் சராசரியாகக் கூடிய எடை 0.37 கிலோதான். ஆனால் கூடிய அந்த எடை பிந்தைய மாதங்களில் குறையவில்லை. ஆண்டுதோறும் இப்படிச் சிறிது சிறிதாகத் தங்கிப்போவதுதான் நடுவயதில் பெரிய தொகையாக வந்து நிற்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள், இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே நம் வீடுகளில் இது அழகு சார்ந்த கவலை மட்டுமன்று.

தீபாவளியன்று வயிறு நிறையச் சாப்பிடுவதை நான் குறை சொல்லமாட்டேன். கவனிக்க வேண்டியது வரவேற்பறை மேசையில், சிவப்பு மூடியோடு ஆறு வாரம் உட்கார்ந்திருக்கும் பலகாரப் போத்தலைத்தான். சென்ற ஆண்டு எங்கள் வீட்டு முறுக்கு ஐந்தை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். 78 கிராம் காட்டியது. எண்ணெயில் பொரித்த முறுக்கு 100 கிராமுக்கு ஏறக்குறைய 500 கலோரி என்றால், அந்த ஐந்தும் ஏறத்தாழ 400 கலோரி, அதாவது இரண்டு கிண்ணம் சோற்றுக்கு ஈடு. இரண்டு கிண்ணம் சோற்றை யாரும் தொலைக்காட்சி பார்த்தபடி, சாப்பிட்டதே நினைவில்லாமல் சாப்பிட்டுவிடுவதில்லை; முறுக்கை அப்படித்தான் சாப்பிடுகிறோம். போத்தலுக்குள் நேராகக் கையை விடாமல், வேண்டியதைச் சிறு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு போத்தலை மூடி உள்ளே வைத்துவிடுவது எளிய வழக்கம். விருந்தாளி வரும்போது வெளியே வந்தால் போதும். அதைவிட நல்லது, எட்டு வகைப் பலகாரத்திற்குப் பதிலாக, வீட்டார் உண்மையிலேயே விரும்புகிற மூன்று வகையை மட்டும் சுடுவது. அக்கம்பக்கத்திலிருந்து வரும் தட்டுகள் மற்ற வகைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

பலகாரம் சுடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. உப்புப் பார்க்க ஒன்று, மொறுமொறுப்புப் பார்க்க ஒன்று, உடைந்தது வீணாகக்கூடாது என்று இரண்டு என அன்று மாலைக்குள் ஒரு வேளைச் சாப்பாடு உள்ளே போயிருக்கும். ஆனாலும் "இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை" என்று சொல்லிக்கொண்டு இரவுச் சோற்றுக்கு உட்காருவோம்.

மாலையில் உபசரிப்பு இருக்கிறதென்று காலையில் பசியாறாமல், மதியமும் பட்டினி கிடப்பது பலர் செய்யும் தவறு. கடும் பசியோடு போகிறவரின் கை முதலில் பொரித்ததற்கும் இனிப்பிற்கும்தான் நீளும், அளவும் தெரியாது. நீரிழிவுக்காக கிளிக்லாசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இது ஆபத்தாகவே முடியலாம். மருந்து வேலை செய்துகொண்டிருக்க, உணவு இல்லாமல் இரத்தச் சர்க்கரை இறங்கி, நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரும். சாப்பாட்டு நேரத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் காலையில் முட்டையோ சுண்டலோ சேர்த்துப் பசியாறி, மதியம் காய்கறியோடு அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

உபசரிப்பில் மறுப்பதுதான் கடினம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பட்டர்வொர்த்தில் ஒரு வீடு, ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு, சுங்கை நிபோங்கில் ஒரு வீடு என்று அழைப்பு இருக்கும். கை நனைக்காமல் போனால் மனக்குறை. ஆனால் கை நனைப்பது என்றால் மூன்று வீட்டிலும் முழுத் தட்டுச் சாப்பிடுவது என்று பொருளில்லை. எந்த வீட்டில் சாப்பாடு என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, மற்ற இரண்டில் ஒரு பலகாரமும் தேநீருமாக உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். "அத்தை, இட்லி இன்னொரு நாள் வந்து சாப்பிடுகிறேன், இப்போது உங்கள் நெய் உருண்டை ஒன்று போதும்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவரிடம் எந்த அத்தையும் கோபித்துக்கொண்டதாக நான் கண்டதில்லை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு இறைச்சி அல்லது மீன், அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்ற சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு செபாரோ' அளவை உபசரிப்பில் கடைப்பிடிக்க முடியாது. அங்கே இருக்கும் காய்கறி பெரும்பாலும் வெங்காயப் பச்சடிதான். அந்த அளவை வீட்டில் சாப்பிடும் மற்ற வேளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குடிப்பதைக் கணக்கில் சேர்க்க மறப்பதும் உண்டு. சீனி சேர்த்த கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. அதை இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி ஆற்றிய தேநீரான தே தாரேக்கில் மட்டும் சுமார் 20 கிராம் உள்ளே போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 50 கிராமுக்குக் குறைவாகவும், முடிந்தால் 25 கிராமுக்குள்ளும் இருக்கச் சொல்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ரோஸ் சிரப் வேறு காத்திருக்கிறது. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கோ வெறும் தண்ணீரோ கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. மதுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: ஒரு கிராமுக்கு 7 கலோரி, கூடவே வறுத்த இறைச்சி.

நாட்டுச் சர்க்கரையில் செய்த அதிரசம், 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதிய எண்ணெயில் சுட்ட முறுக்கு ஆகியவற்றைப் பயமின்றிச் சாப்பிடலாம் என்பது ஆறுதல் பேச்சு. தாவர எண்ணெய்களில் இயல்பாகவே கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. ஆனால் எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். சர்க்கரையின் நிறம் பழுப்பாக இருப்பதால் கலோரி பெரிதாகக் குறைவதுமில்லை.

சாப்பிட்டதை நடந்து கரைத்துவிடலாம் என்று தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறுவது இதயத்திற்கு மிக நல்லது. ஆனால் 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதில் செலவாவது ஏறக்குறைய 70 கலோரி; அது எங்கள் வீட்டு முறுக்கு ஒன்றுக்குக்கூட முழுதாக ஈடாகாது.

கடைசியாக, எடைத் தராசு. தீபாவளிக்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ கூடியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, அதையொட்டித் தொடங்கும் கந்த சஷ்டி விரதத்தை எடை குறைப்புத் திட்டமாக மாற்றிக்கொள்பவர்களை அறிவேன். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். ஒரே நாளில் அது நடக்காது. கூடியதில் பெரும்பகுதி தண்ணீர்: உப்பு பிடித்து வைப்பது கொஞ்சம், உடல் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் தங்கும் சுமார் 3 கிராம் நீர் மீதி. வழக்கமான சாப்பாட்டிற்குத் திரும்பினால் சில நாள்களில் இறங்கிவிடும். ஆறு நாள் விரதத்திற்குப் பின் அதைக் கொழுப்பு கரைந்ததாக எண்ணிப் போத்தலை மறுபடி திறக்கிறோம். வாரத்தில் ஒரே நாளில், பசியாறும் முன் நின்று பார்த்த எடையை மட்டும் குறித்து வைத்தால் போதும். மாதம் ஒருமுறை இடுப்பையும் நாடாவால் அளந்துகொள்ளலாம். ஆசியர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.