பாரில் ஓப்பன் மைக் இரவு: ஆள் மாற இரண்டே நிமிடம்

ஓப்பன் மைக்கில் பெயர் கொடுத்தவர் யாரும் மேடையேறிப் பாடலாம். இரவு 7 முதல் 10 வரை நிகழ்ச்சி என்றால் கையில் இருப்பது 180 நிமிடம். இடைவேளைக்கு 20 போக, ஆளுக்கு 15 நிமிடம் என்றால் பத்துப் பேர்தான் பாட முடியும். அந்த 15 நிமிடத்துக்குள் மூன்று பாட்டும், ஏறி இறங்கும் நேரமும் அடங்க வேண்டும். ஆள் மாறுவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் மேசைகளில் பேச்சு உரத்துவிடும். கடைசி ஆளுக்கு நேரமே மிஞ்சாது. ஆசையாகக் காத்திருந்தவரைப் பாடாமல் அனுப்பக் கூடாது. எட்டுப் பெயரோடு பதிவை நிறுத்தி, இரண்டு இடத்தை அன்று வந்து கேட்பவர்களுக்கு வையுங்கள்.

பதிவுத் தாளில் பெயரோடு வாத்தியம், எத்தனை மைக், கரோக்கேவா, எத்தனை கட்டை சுருதி என்றும் எழுதி வாங்குங்கள். ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு ஐந்து கட்டை டிராக்கைப் போட்டுவிட்டு மேடையில் தேடுவதில்தான் பாதி நேரம் போகிறது. கரோக்கே டிராக்கை முன்பே இறக்கி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, ஒயரில் செருகுங்கள். நேரடியாக யூடியூபில் ஓட்டினால் நடுவில் விளம்பரம் வரும்.

அறுபது பேர் உட்காரும் இடத்துக்கு 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப் இருப்பது) இரண்டு, பாடகர் தன் குரலைக் கேட்க ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், 8 சேனல் மிக்ஸர், ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் மூன்று, கிட்டாரை மிக்ஸரில் இணைக்கும் டிஐ பாக்ஸ் இரண்டு போதும். எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக் ஒயர்) ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும். சேனல் 1, 2 பாட்டுக்கு, 3 கஹோனுக்கு (கையால் தட்டும் பெட்டித் தாள வாத்தியம்), 4, 5 கிட்டாருக்கு, 6 கீபோர்டுக்கு, 7, 8 போனுக்கு என்று நிரந்தரமாக ஒதுக்கி, டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். இரவு முழுக்க யாரும் மிக்ஸர் பக்கம் ஒயரைக் கழற்றக் கூடாது. மாறுவது கிட்டார் முனை மட்டும். அதையும் மியூட் செய்த பிறகே பிடுங்க வேண்டும்.

மைக் கூவுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கர் வைத்த இடம். மெயின் ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே நிற்க வேண்டும். எஸ்எம்58 நேர் பின்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும்; அதனால் மானிட்டர் அதன் வால் பக்கம், பாடகரைப் பார்த்தபடி இருக்கட்டும். சூப்பர்கார்டியாய்டு மைக் (நேர் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும் வகை) என்றால் மானிட்டரைச் சற்று பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாடகரிடம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: பொத்தினால் அது எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பித்துக் கூவிவிடும். பாட்டுச் சேனல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டுங்கள். அக்கூஸ்டிக் கிட்டார் அடிக்குரலில் உறுமினால் ஒலியைக் கூட்டாமல், கிட்டார் துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள். கிட்டார் திடீரென்று கரகரத்தால் முதலில் அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். மாற்று பேட்டரி இரண்டு பையில் இருக்க வேண்டும். விடாமல் 'ம்ம்' என்று இரைந்தால் மிக்ஸரும் கிட்டார் ஆம்ப்பும் ஒரே பிளக் பாயின்டில் இருக்கும்படியும், ஃபிரிட்ஜ் ஓடும் லைனில் இல்லாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலி அறையில் வைத்த அளவு கூட்டம் சேர்ந்ததும் மந்தமாகக் கேட்கும், உடம்புகள் மேல் ஸ்தாயியை உறிஞ்சிக்கொள்வதால். இரண்டாவது ஆள் பாடும்போது அறையின் கடைசி மேசையில் நின்று கேட்டுத் திருத்துங்கள்.

முதல் இரண்டு பாட்டை நடத்துபவரே பாடுவது நல்லது. அதற்குள் ஒலி சரியாகிவிடும். முதல்முறை ஏறுகிறவரை மூன்றாவதாகப் போடுங்கள், நல்ல பேண்டுக்கு அடுத்து வேண்டவே வேண்டாம்.

மொட்டைமாடி பார் என்றால் 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 9.45-க்குக் கடைசிப் பாட்டைத் தொடங்குங்கள். சினிமாப் பாட்டுகளுக்கு ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளுக்கான அமைப்பு) உரிமம் இருக்கிறதா என்று முன்கூட்டியே முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் முதலில் ஸ்பீக்கரை அணையுங்கள், பிறகு மிக்ஸரை. மாற்றி அணைத்தால் 'டப்' என்று அடிக்கும் சத்தம் ட்வீட்டரை (ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயி ஒலிக்கும் பகுதியை) பதம் பார்த்துவிடும்.