இறக்கத்துக்குக் கால் வலுவை மிச்சம் வையுங்கள்

மலைப்பாதையில் ஓடியும் நடந்தும் ஒரு நாளைக் கழிக்கக் கிளம்புகிறவர்கள் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுவார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். தொடை அப்படி இல்லை. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் தசையிழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அது அன்றைக்குள் சரியாகாது. அதனால் நேரம், தண்ணீர், ஷூ எல்லாவற்றையும் இறக்கத்தை மனதில் வைத்தே திட்டமிடுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன முறை இன்றும் கைகொடுக்கிறது: 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். 12 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். இதில் ஓய்வும் கரடுமுரடான இறக்கமும் சேரவில்லை, அதற்குத் தனியாகக் கூட்டுங்கள். ஓடத் தெரிந்தவர்களும் புதுப் பாதைக்கு இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கீழே வந்து சேரும்படி பின்னோக்கி எண்ணி, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே குறித்துவிடுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

ஷூவின் அடியில் 4 முதல் 6 மி.மீ. ஆழத்துக்குப் பற்கள் இருக்கட்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறக்கத்தில் கால் முன்னோக்கிச் சரிந்து, நகம் ஷூவில் மோதி மோதித்தான் கறுத்துப்போகிறது. இதைத் தடுக்க லேஸ் கட்டும் முறை ஒன்று உண்டு. கணுக்கால் ஓரமாக, மற்றவற்றிலிருந்து சற்று விலகி ஒரு கடைசித் துளை இருக்கும். லேஸை அதே பக்கத்து அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டு, ஒரு சிறு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, முதலில் கீழ்நோக்கி இழுத்து, பிறகு முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் ஒட்டி நிற்கும். இறங்கத் தொடங்கும் இடத்தில் லேஸை ஒருமுறை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவது அவசியம். நடந்ததில் அது நிச்சயம் தளர்ந்திருக்கும்.

பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரத்தை விடாது. பாதத்தில் ஓரிடம் சுள்ளென்று எரிய ஆரம்பித்தால் அங்கேயே நின்று டேப் ஒட்டுங்கள். "அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம்" என்று போனால் அதற்குள் கொப்புளம் கட்டிவிடும்.

மணிக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர், வெயிலில் இன்னும் கொஞ்சம். மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம், பசி எடுக்கும் முன்பே தொடங்க வேண்டும். நீண்ட நேரம் வெறும் தண்ணீரையே அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டலும் குழப்பமும் வரும். உப்புள்ள தின்பண்டம் கையில் இருக்கட்டும், தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள்.

ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் ஓட்டத்தை விட்டு நடங்கள். செங்குத்தான இடத்தில் ஓடுவதும் நடப்பதும் வேகத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், நடந்தால் களைப்பு குறைவு. அடிகளைச் சிறிதாக வைத்து, கைகளால் தொடையை அழுத்திக்கொண்டு ஏறலாம்.

இறக்கத்தில் பயம் உடம்பைப் பின்னால் சாய்க்கும், சறுக்கலே அங்கேதான். எடை குதிகாலுக்குப் போய், அடிப்பற்கள் பிடிக்காமல் கால் முன்னால் ஓடிவிடும். இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாயுங்கள், முழங்காலை மடக்கியே வையுங்கள், பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழட்டும். குட்டிக் குட்டி வேக அடிகள். நீண்ட எட்டு ஒவ்வொன்றும் தொடைக்கு ஒரு பிரேக். பார்வை மூன்று, நான்கு மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். ஈர வேரை மிதிக்காமல் தாண்டுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் சமதரையாக இருந்தாலும் ஏமாற வேண்டாம், களைத்த கால் உயரத் தூக்காது, சிறு கல்லும் தடுக்கும்.

1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வியர்த்த உடம்பில் காற்றும் அடித்தால் நடுக்கம் சீக்கிரம் வரும், ஆகவே மழைக்கோட்டு எப்போதும் பையில் இருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் மின்னல் 10 கி.மீ.க்கு உள்ளேதான் இருக்கிறது. உடனே மேட்டை விட்டு இறங்குங்கள், தனி மரத்தடி வேண்டாம், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். மதியமே திரும்பிவிடும் திட்டமானாலும் தலையில் மாட்டும் ஹெட்லைட், விசில், போனில் இறக்கிவைத்த வரைபடம் மூன்றும் வேண்டும். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்கும்போது தொடை வலிப்பது இயல்பு. சமதரையில் மெல்ல நடந்தால் போதும். தொடை வீங்கி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடைந்த தசை சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.