ஓட்டுப் போடத் துணைக்குப் போகிறவர்களுக்கு

வேலூர்ப் பக்கம் தேர்தல் அன்று பாட்டியைக் கைத்தாங்கலாக பூத்துக்குக் கூட்டிப்போகும் பேரன் பேத்திகளுக்காக இது. ஒரு காலத்தில் சொத்தோ படிப்போ இருந்தவருக்குத்தான் ஓட்டு. அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு வயது வந்த எல்லாருக்கும் கொடுத்தது. பார்வை மங்கினாலும் கை விழுந்துவிட்டாலும் அது முழு ஓட்டுதான். நாம் இரவல் தருவது கண்ணையும் கையையும் மட்டும். முடிவு அவருடையது.

துணைக்கு வருபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அன்றைக்கு ஒருவருக்குத்தான் துணை போகலாம். தெருவில் உள்ள முதியவர்களையெல்லாம் ஒரே ஆள் கூட்டிப்போக முடியாது. ரகசியம் காப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் துணை கேட்கக் காரணமாகாது. அதற்குத்தான் சின்னங்கள் இருக்கின்றன.

தப்பு நடப்பது பெரும்பாலும் ஓட்டுப் போடும் மறைப்புக்குள்ளேதான். "நம்ம சின்னம்தானே பாட்டி?" என்று கேட்டாலே பாட்டியின் ஓட்டு கைமாறிவிடும். மேலிருந்து கீழாக, நோட்டா வரை, பெயரையும் சின்னத்தையும் ஒரே குரலில் மெதுவாகப் படியுங்கள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரி என்றபின் நீலப் பொத்தானை அழுத்துங்கள். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் ஜன்னலில் அந்தச் சீட்டு 7 விநாடிதான் தெரியும். அதற்குள் சின்னத்தைப் படித்துச் சொல்லிவிடுங்கள். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து தெரிந்தவருக்குத் துணையே தேவைப்படாமல் போகலாம். பொத்தானுக்குப் பக்கத்திலேயே பிரெய்ல் எண் உண்டு. பிரெய்ல் மாதிரிச் சீட்டைத் பூத்தின் தலைமை அலுவலரிடம் முன்னதாகக் கேட்டு வாங்குங்கள்.

தொழுநோயிலிருந்து குணமானவர்கள் சிகிச்சைக்குக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கு வந்துபோகும் மாவட்டம் இது. விரல் இல்லையே, மை எங்கே வைப்பார்கள் என்று யாரும் தயங்க வேண்டாம். இடது ஆள்காட்டி விரல் இல்லாவிட்டால் அந்தக் கையின் வேறு விரல். அதுவும் இல்லாவிட்டால் வலது கை விரல். எந்த விரலும் இல்லாவிட்டால் கையின் முனை. தேர்தல் விதியிலேயே இப்படி எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் எவரையும் விட்டுவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள்.

அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு 18 ஆனதும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். மனநிலை சரியில்லாதவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்தால்தான் தகுதி போகும். டாக்டர் சீட்டாலோ அக்கம்பக்கத்தார் பேச்சாலோ போகாது.

பீஞ்சமந்தை மாதிரி மலையூர்களானாலும் சரி, வேறு எங்கானாலும் சரி, 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்களும் வீட்டிலிருந்தே போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் அதற்கான விண்ணப்பமான படிவம் 12டி கொடுக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் பூத்தில் போட முடியாது. அலுவலர்கள் வரும் நாளில் அவர் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.