தலைவலி என்று சொல்லி ஓட்டிய எட்டு மாதங்கள்

48 வயதில் விறைப்புத்தன்மை குறைந்தபோது வேலைச் சுமை, வயது என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். மனைவியிடம் தலைவலி என்று சாக்குச் சொல்லியே எட்டு மாதங்கள் ஓடின. விடியற்காலையில் இயல்பாக வரும் விறைப்பும் நின்ற பிறகுதான் உறைத்தது, இது மனக்கவலை மட்டுமல்ல என்று.

மருத்துவரிடம் மாத்திரை கேட்டேன். அவரோ என் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். 160/100. "மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?" என்றார். நான் கேட்டது என்ன, இவர் கேட்பது என்ன என்று எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு தாளில் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டம். இதயத்தினுடையது 3 முதல் 4. கொழுப்பு படியத் தொடங்கினால் சிறியதுதான் முதலில் திணறும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தலைகாட்டலாமாம்.

சர்க்கரை சரியாக இருந்தது. கெட்ட கொழுப்பு 170. அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை, தினமும் 40 நிமிட நடை. சிகரெட்டை விட்டதுதான் பெரும்பாடு. நான் கேட்ட மாத்திரையை இதயச் சோதனை முடிந்த பிறகே எழுதினார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும் என்று இருமுறை சொன்னார். அதை நானாகவே கடையில் வாங்கியிருப்பேன்; நல்லவேளை, வெட்கம் தடுத்தது.

ஏழு மாதங்களில் அழுத்தம் 128/82. விடியற்காலை விறைப்பும் திரும்பியது. தலைவலிக் கதையை மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவளுக்கு முதலிலேயே தெரியுமாம்.