'டிசெப்டிவ்லி' என்று எழுதுவதற்கு முன்

ஆங்கிலத்தில் எழுதும்போது 'டிசெப்டிவ்லி' (deceptively, 'தோற்றத்தால் ஏமாற்றும் வகையில்') என்னும் வினையுரிச்சொல்லை, படிப்பவரின் பாதுகாப்போ பணமோ சம்பந்தப்பட்ட இடங்களில் தவிர்த்துவிடுவது நல்லது. ஏனெனில் அது எதிரெதிரான இரண்டு பொருள்களைத் தரக்கூடியது. 'டிசெப்டிவ்லி சிம்பிள்' என்றால் பார்வைக்கு எளிது, உண்மையில் கடினம் என்றே பெரும்பாலும் கொள்வார்கள். அதே சொல் வீட்டு விளம்பரத்தில் 'டிசெப்டிவ்லி ஸ்பேஷியஸ்' என வரும்போது, சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே விசாலமானது என்று தலைகீழாகிவிடுகிறது. (விற்பவர் தம் வீட்டை இடநெருக்கடி உள்ளது என்று சொல்லிக்கொள்ள மாட்டார் என்பதால் அங்கே குழப்பம் எழுவதில்லை.)

சூழல் கைகொடுக்காத இடத்தில்தான் சிக்கல். நீச்சல் குளம் ஒன்று 'டிசெப்டிவ்லி ஷாலோ' ('ஷாலோ' என்றால் ஆழமற்றது) என்றால் என்ன பொருள் என்று அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதி தன் மொழிப் பயன்பாட்டுக் குழுவினரைக் கேட்டபோது, தோற்றத்தைவிட ஆழம் குறைவு என்று 50 சதவீதத்தினரும், அதிகம் என்று 32 சதவீதத்தினரும் கூற, எஞ்சியோர் முடிவுசெய்ய இயலாது என்றனர். தலைகீழாகப் பாயப் போகிறவருக்கு இப்படியோர் எச்சரிக்கையால் என்ன பயன்? அங்கே 'ஷாலோவர் தேன் இட் லுக்ஸ்' (தோற்றத்தைவிட ஆழம் குறைவு) என்று ஒப்பிட்டு எழுதலாம். ஆழத்தையே மீட்டரில் குறித்துவிட்டால் இன்னும் சிறப்பு.