விஎம் சீரியல் கன்சோல் கருப்பாகவே நின்றால்

போன மாதம் ஒரு ராத்திரி, கேவிஎம்மில் (லினக்ஸின் மெய்நிகர் கணினி வசதி) ஓடும் என் டெபியன் 12 விஎம்மில் (மெய்நிகர் கணினி) நெட்வொர்க் கோப்பைத் திருத்தும்போது இன்டர்ஃபேஸ் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். எஸ்எஸ்எச், அதாவது நெட்வொர்க் வழியே உள்ளே நுழையும் வழி, போயிற்று. சரி, நெட்வொர்க் இல்லாமலே விஎம்மோடு எழுத்தாகப் பேசும் சீரியல் கன்சோல் இருக்கிறதே என்று, விஎம்மைச் சுமக்கும் கணினியான ஹோஸ்டில் 'விர்ஷ் கன்சோல்' கட்டளை கொடுத்தேன். இணைந்துவிட்டதாக ஒரு வரி வந்தது, அப்புறம் கும்மிருட்டு.

இப்படி நின்றால் முதலில் என்டரைத் தட்டுங்கள். லாகின் வரி நீங்கள் இணைவதற்கு முன்பே வந்து போயிருக்கும்; அது தானாகத் திரும்ப வராது. வெளியே வர கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்பு. ஆரம்பத்தில் இது தெரியாமல் டெர்மினல் ஜன்னலையே மூடிக்கொண்டிருந்தேன். வேறு இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்தால் கட்டளையோடு '--ஃபோர்ஸ்' சேர்த்தால் போதும்.

அப்போதும் இருட்டா? 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' கொடுத்து, விஎம்மின் அமைப்பு விவரத்தில் சீரியல் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். கோளாறு விஎம்முக்குள்ளேதான்.

உள்ளே அந்த ஒரே கம்பியில் மூன்று பேர் பேசுகிறார்கள்: கிரப் (பூட் மெனு காட்டுவது), கெர்னல் (லினக்ஸின் மையம்), லாகின். விஎம்மை ரீபூட் செய்துகொண்டே கன்சோலைப் பாருங்கள். யார் ஊமை என்று தெரிந்துவிடும். கிரப் மெனு வராவிட்டால் கிரப் அமைப்புக் கோப்பில் டெர்மினலாக 'சீரியல்' சேர்த்து 'அப்டேட்-கிரப்' ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கெர்னல் பேசாவிட்டால் அதே கோப்பின் கெர்னல் வரியில் 'கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200' என்று எழுதி 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். வரிசை முக்கியம். கெர்னல் செய்திகள் இரண்டுக்கும் போகும். ஆனால் கடைசியாக எழுதியதுதான் முதன்மை கன்சோல். நான் மாற்றி எழுதியிருந்த ஒரு விஎம்மில் பூட் பாதியில் நின்றபோது, கட்டளை கேட்கும் அவசர ஷெல் யாரும் பார்க்காத திரையில் காத்துக்கொண்டிருந்தது. ஆர்ம் வகைச் செயலியுள்ள விஎம் என்றால் சீரியலின் பெயர் டிடிஒய்எஸ்0 அல்ல, டிடிஒய்ஏஎம்ஏ0. இதற்கு எனக்கு ஒரு மணி நேரம் போனது. 115200 என்ற வேக எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். நிஜக் கம்பியே இல்லாத இடத்தில் எழுத்து குழம்புவதற்கு அந்த எண் காரணமாக இருக்காது.

கெர்னல் பேசி லாகின் மட்டும் வராவிட்டால், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில், லாகின் வரியைக் காட்டும் டிடிஒய்எஸ்0-க்கான 'சீரியல்-கெட்டி' சேவை ஓடுகிறதா பாருங்கள். கெர்னல் வரி சரியாக இருந்தால் சிஸ்டம்டி அதைத் தானே தொடங்கும். யாரோ முடக்கி வைத்திருந்தால்தான் வம்பு.

இதெல்லாம் உள்ளே நுழைய முடிந்தால். அன்றைக்கு என்னால் முடியவில்லை. நினைவகம் மிச்சம் என்று திரை அட்டையையும் கழற்றி வைத்திருந்தேன். விஎம்மை நிறுத்திவிட்டு, ஹோஸ்டிலிருந்தே விஎம் டிஸ்கின் கோப்பைத் திருத்தும் 'விர்ட்-எடிட்' மூலம் அந்த நெட்வொர்க் கோப்பையே திருத்தினேன். விஎம் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள், டிஸ்க் கெட்டுவிடும். கன்சோலை மறுநாள் பகலில் நிதானமாகச் சரி செய்தேன்.

எல்லாம் வந்த பிறகும் விஐ எடிட்டரின் திரை கோணல்மாணலாக இருக்கும். ஜன்னலின் அளவு சீரியல் வழியே போவதில்லை. 'எஸ்டிடிஒய் ரோஸ் 50 கால்ஸ் 160' என்று உங்கள் ஜன்னலுக்கேற்ற எண்களைக் கொடுத்துவிடுங்கள்.